குயவனும் சிலந்தியும்: ஓவியக்கூடத்தின் காரணக் கொள்கை

கல்லூரிகளில் ஓவியமும் சிற்பமும் பயிற்றுவிக்கும் ஸ்டுடியோ வகுப்புகளை, அதாவது மாணவர் ஆசிரியரின் கண்முன் செய்து பழகி, செய்த பொருளையே தேர்வுக்கு வைக்கும் வகுப்புகளை, எவ்வாறு சீர்செய்வது என்னும் வினா பெரும்பாலும் பாடத்திட்டம், இடவசதி, மதிப்பெண் ஒதுக்கீடு ஆகியவை பற்றிய நிர்வாக வினாவாகவே எழுப்பப்படுகிறது. ஆனால் அதன் அடியில், இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வேறொரு வினா, ஒரு பொருள் உண்டாவதற்குக் காரணம் எது என்னும் வினா, தீர்க்கப்படாமல் கிடக்கிறது. பருவ இறுதியில் ஒரு மாணவியின் படைப்பைச் சுவரில் மாட்டி, ஆசிரியர்கள் அதன்முன் நின்று மதிப்பெண் இடும்போது, அந்த எண் எதற்கு உரியது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அவளுடைய கற்பனைக்கா, கைப்பழக்கத்துக்கா, அவள் கையாண்ட பொருளின் இயல்புக்கா, அப்பொருளைப் பதப்படுத்தி அவள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறர் உழைப்புக்கா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத இந்த வினாவே வகுப்பின் அன்றாட நடைமுறைகள் பலவற்றையும் உருவாக்கியிருக்கிறது என்பதால், சீர்திருத்தம் பற்றிய பேச்சும் இங்கிருந்தே தொடங்குவது பொருந்தும்.

சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் வேண்டும் என்று கொள்கிறது. குடம் உண்டாக மண் வேண்டும். அது முதற்காரணம், அதாவது காரியமாகவே மாறி நிற்கும் மூலப்பொருள். திரிகையும் அதைச் சுழற்றும் தண்டும் வேண்டும், அவை துணைக்காரணம். இவ்விரண்டையும் கூட்டுவிக்கும் அறிவுடைய குயவன் வேண்டும்; அவன் நிமித்த காரணம். உலகப் படைப்பையும் சித்தாந்தம் இவ்வாறே விளக்குகிறது: மாயை முதற்காரணம், சிவனுடைய சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தையும் அதன் வழிவந்த நூல்களையும் பயில்வோர் அறிந்தபடி, இங்கே மாயை என்பது பொய்த்தோற்றம் அன்று. உயிர்களுக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும் தரும் உள்பொருள் அது. இறைவனே ஆயினும் மூலப்பொருள் இன்றிப் படைப்பதில்லை என்பது இக்கொள்கையின் துணிவான பகுதி. இதற்கு எதிர்நிலையில், முண்டக உபநிடதம் காட்டும் சிலந்தி உவமையைப் பற்றிக்கொண்டு, பிரம்மமே மூலப்பொருளும் கர்த்தாவும் ஆகும் என்று வேதாந்திகள் வாதிட்டார்கள். சிலந்தி தன் நூலைத் தன்னிலிருந்தே வெளியிடுகிறது. அதற்கு வெளியிலிருந்து மண் தேவையில்லை.

இந்த வாதத்தில் எந்தப் பக்கத்தையும் படித்தறியாமலே, நவீன ஓவியக்கல்லூரி சிலந்தியின் பக்கம் சேர்ந்துவிட்டது. படைப்பு கலைஞனின் அகத்திலிருந்து வெளிவருகிறது, பொருள் அதை ஏந்தி நிற்கும் ஊடகம் மட்டுமே, ஆகவே கற்பிக்க வேண்டியதும் மதிப்பிட வேண்டியதும் அந்த அகமே என்னும் நம்பிக்கை ஐரோப்பிய ரொமாண்டிக் இயக்கத்தின் கொடை. வேதாந்தத்தின் சிலந்தி பிரம்மத்தைக் குறித்தது. கல்லூரியின் சிலந்தியோ முதலாண்டு மாணவர். வேதாந்தி ஒருவர் இதைக் கண்டால் தம் உவமை தகாத இடத்தில் குடியேறிவிட்டதென்று வருந்தவே செய்வார்.

சென்னையில் இது ஒரே நாளில் நிகழவில்லை. 1850இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கி, விரைவில் அரசின் பொறுப்புக்கு வந்த கலைப்பள்ளி, ரசனையைத் திருத்துவதையும் தொழிலை வளர்ப்பதையும் ஒன்றாகவே கருதியது. மண்பாண்டமும் மரவேலையும் உலோகவேலையும் வரைபடப் பயிற்சியும் ஒரே வளாகத்தில் நடந்தன. 1884இல் அங்கு வந்த ஈ. பி. ஹேவல் மாகாணத்தின் கைத்தொழில்களை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். பின்னாளில் கல்கத்தாவில் இந்திய ஓவிய மறுமலர்ச்சிக்குத் துணைநின்ற அவருடைய பார்வைக்கு இப்பயணங்கள் அடித்தளம் ஆயின. அவருக்குப் பின் பொறியியலாளர் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் இப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முயற்சிகளும் அவர் காலத்தில் இதே கலைப்பள்ளியில்தான் ஆரம்பமாயின. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் தோற்பை ஓயாமல் நனைந்து விரைவில் அழிந்துபோவதைத் தடுக்க முடியுமா என்பது அம்முயற்சியைத் தூண்டிய கேள்விகளுள் ஒன்று. ஆம்பூரும் இராணிப்பேட்டையும் இன்று வாழ்வதும் வருந்துவதும் எந்த வேதிமுறையாலோ அம்முறையின் தென்னிந்தியத் தொடக்க வரலாற்றில் ஓர் ஓவியப்பள்ளிக்கு இடமுண்டு என்பதைக் கலைவரலாற்று நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தொழில்வரலாற்று நூல்கள் அதை ஒரு முகவரியாக மட்டும் குறித்துவிட்டு நகர்கின்றன.

பின்னர் பிரிவு தொடங்கியது. அரசு தொழில் நடத்துவதை 1910இல் லண்டனிலிருந்து இந்திய அமைச்சர் மார்லி மறுத்ததும், தோலுக்கெனத் தனிப் பயிற்சிப்பள்ளி 1915இல் சென்னையில் அமைந்ததும், 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் தொழிலை ஒரு திசைக்கு இழுத்துச் சென்றன. கலைப்பள்ளியோ தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் தலைமையில், 1957 வரை ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள், நுண்கலையின் பள்ளியாக உருமாறியது. மெரினாவில் நிற்கும் அவருடைய உழைப்பாளர் சிலை பாறையைப் பெயர்க்கும் உடல்களின் முறுக்கை வெண்கலத்தில் வடித்த ஆற்றல்மிக்க படைப்பு. எனினும் அங்கே உழைப்பு கலையின் கருப்பொருளாகி நிற்கிறது, கலையைக் கற்கும் வழியாக இல்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே. சி. எஸ். பணிக்கரின் காலத்தில் இந்திய மண்ணுக்குரிய நவீனம் எது என்னும் தேடல் முன்வந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியபோது, நிலம் வாங்க உதவியது அவர்கள் கூட்டாகச் செய்து விற்ற பாத்திக் துணிகள் போன்ற கைவினைப் பொருள்களின் வருவாய். மெழுகும் சாயமும் துணியும் ஈட்டிக் கொடுத்த இடத்தில் தூய கலை குடிபுகுந்தது. அக்கலைஞர்கள் இதை மறைக்கவில்லை; ஆயினும் கல்லூரிகள் இதிலிருந்து ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கிக்கொள்ளவும் இல்லை.

ஒரு காலத்தில் வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்து, 1989இல் திருவண்ணாமலையைப் பிரித்துக்கொடுத்து, 2019இல் மீண்டும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகிய நிலப்பகுதியில் முதற்காரணம் பற்றிய விவாதம் ஏட்டளவில் நிற்க முடியாது. இங்கே மூலப்பொருள் தோல். உரித்த தோல் ஓரிரு நாளில் அழுகத் தொடங்கும். அதை உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பல நாள் கிடத்தினால், தோலின் இழைகளைப் பட்டையின் துவர்ப்புப் பொருள் இறுகப் பற்றிக்கொள்ள, அழுகும் பொருள் அழுகாப் பொருளாகிறது. வாரக்கணக்கில் ஆகும் இவ்வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடும். காரியம் காரணத்தில் முன்னமே ஆற்றல் வடிவில் உள்ளது, இல்லாதது தோன்றுவதில்லை என்னும் சற்காரிய வாதத்தை விளக்க மண்ணையும் குடத்தையும்விட இது கூர்மையான எடுத்துக்காட்டு. ஏனெனில் இங்கே மாறுவது வடிவம் மட்டும் இல்லை, பொருளின் விதியே மாறுகிறது.

இந்த மாற்றத்தைச் சமயங்கள் எவ்வாறு எண்ணின என்பது ஓவியக்கூடத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. தர்மசாத்திர மரபு மான்தோலை வேள்விக்கும் தியானத்துக்கும் உரிய இருக்கையாக்கிவிட்டு, மாட்டுத்தோலைக் கையாண்டவரைத் தீட்டுக்கு உரியவராக்கியது. அதாவது பொருளின் தூய்மையைப் பொருளைக் கொண்டு முடிவுசெய்யாமல், அதைத் தொட்டவரின் பிறப்பைக் கொண்டு முடிவுசெய்தது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குப் போர்வைத்தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கருவறைக்கு அருகில் முழங்கிக்கொண்டிருக்க, அவர் எல்லைக்கு வெளியே நின்றார். யானைத்தோலைப் போர்த்தும் புலித்தோலை உடுத்தும் நிற்கும் தெய்வத்தின் கோயிலில் இது நடந்தது என்பதைப் புராணம் சொல்லாமல் சொல்கிறது. காரணக் கொள்கையின் மொழியில் கூறினால், முதற்காரணம் ஏற்கப்பட்டது, நிமித்த காரணம் வெளியே நிறுத்தப்பட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் வணிகத்தை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் சார்ந்த இஸ்லாமிய மரபு வேறொரு வழியில் சிந்தித்தது. முறைப்படி அறுக்கப்படாமல் இறந்த விலங்கின் தோல் அசுத்தம். ஆயின் பதனிட்டால் அது தூய்மை பெறுகிறது என்பது நபிமொழியை அடியாகக் கொண்ட சட்டக் கருத்து. பன்றித்தோலைச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் விலக்கினர். ஷாஃபி மரபு நாயின் தோலையும் சேர்த்து விலக்கியது. பதனிடுதல் என்று எதைக் கொள்வது என்பதிலும் வேறுபாடு உண்டு: துவர்ப்பும் காரமும் உள்ள பொருளைக் கொண்டு செய்தால்தான் பதனிடுதல் என்று ஷாஃபி அறிஞர்கள் கூற, வெயிலில் உலர்த்துவதும் அழுகலைத் தடுக்குமாயின் போதும் என்று ஹனஃபி அறிஞர்கள் ஏற்றனர். நுண்ணியதாகத் தோன்றும் இந்த விவாதத்தின் உட்பொருள் பெரிது. வேலை பொருளைத் தூய்மையாக்கும், எந்தத் துணைக்காரணத்தால் அவ்வேலை நடந்தது என்பதும் அத்தூய்மையைப் பாதிக்கும் என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது. தீட்டு என்பது பொருளிலோ பிறப்பிலோ நிலைத்து நிற்பதன்று என்பதைச் சட்டநூல் வழியாகவே ஏற்ற மரபு இது. ஆயினும் இந்த ஊர்களின் பதனிடும் தொழிற்சாலைகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித் மக்களாகவே இருந்தனர் என்பதையும், தூய்மை பெற்ற தோலின் மதிப்பு அதைத் தூய்மையாக்கிய கைக்கு அதே அளவில் வந்து சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரியும் தோல் ஊர்களிலிருந்து கல்விக்குப் பொருள் சென்றதற்குச் சான்றுகள்; தோலின் அறிவு எந்தக் கல்விக்குச் சென்றது என்பது தனிக் கேள்வி.

ஓவியம் தோலுக்கு வெளியே நிற்கும் தூய செயல் என்று எவரேனும் கருதினால், அவருக்குப் பழைய ஓவிய நூல்களே மறுப்புரைக்கும். விஷ்ணுதர்மோத்தரம் முதலிய நூல்கள் சுவரோவியத்துக்கு உரிய பற்றுப்பொருளாகக் கூறும் வஜ்ரலேபம், எருமைத்தோலைக் குழையக் காய்ச்சி எடுக்கும் பசை. தச்சரும் ஓவியரும் வஜ்ஜிரம் என்று வழங்கிவந்த பசையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஐரோப்பிய ஓவியர் கித்தானைப் பதப்படுத்த முயல்தோல் பசையைப் பூசினார்கள். பன்றிமயிரும் அணில்மயிரும் தூரிகையாயின. தெய்வத்தின் உருவம் சுவரில் உதிராமல் நின்றதற்கு ஓர் எருமையின் தோலும் காரணம் என்றால், தோலை இழிந்த பொருள் என்று ஒதுக்கிய அழகியல் தன் சுவரையே மறந்த அழகியலாகும். ஆம்பூரை அடுத்த மலையாம்பட்டில் உள்ள ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் எச்சங்கள் இருக்கின்றன. 8ஆம் நூற்றாண்டளவில் தீட்டப்பட்டவையாகக் கருதப்படும் இவை சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்பிடப்படுகின்றன. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தின் ஓவியம், பின்னாளில் தோலால் பெயர்பெற்ற ஊருக்கு இத்தனை அருகில் இருப்பது தற்செயலே. ஆனால் ஓவிய மாணவர் ஒருவர் அக்குகையின் முன் நின்று, இந்த வண்ணத்தைச் சுவரோடு பிணைத்தது எது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பாரானால், அக்கேள்வி வேதியியலில் தொடங்கி அறத்தில் முடியும். ஸ்டுடியோ வகுப்பில் கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வியும் அதுவே.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பொருளுக்கும் கைக்கும் திரும்பிச் செல்ல வேண்டும் என்போர் பலர் குருகுலத்தையும் சிற்பிகளின் குலமரபையும் பொற்காலமாகக் காட்டுவது வழக்கம். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் தொடங்கித் தம் எழுத்துகளில் இப்பார்வைக்கு ஆழமான தத்துவ வடிவம் தந்தார்: மரபுச் சிற்பி முதலில் தியானத்தில் உருவத்தைக் காண்கிறான், தாலமானம் என்னும் அளவு இலக்கணப்படி அதைக் கல்லில் இறக்குகிறான், தன்னை வெளிப்படுத்தும் நோக்கம் அவனுக்கு இல்லை. இதில் உண்மை உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளிகளையும் குதிரைவீரர்களையும் தூண்தோறும் செதுக்கியவர்கள் அவற்றில் தங்கள் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று கருதவில்லை. நூற்றாண்டுகளாக மூலவர் இன்றிக் கிடந்த அக்கோயிலில் 1981இல் இலிங்கம் மீண்டும் நிறுவப்படும் வரையிலும் அவர்களுடைய கைவேலையே அவ்விடத்துக்குப் பெருமை தந்தது. ஆயினும் பெயரற்ற அந்தப் பணிவைப் புகழ்வோர், அந்தக் கூடத்தின் கதவு எவருக்குத் திறந்திருந்தது என்பதைக் கேட்பதில்லை. குலத்தில் பிறந்தவருக்கே உளி என்ற ஏற்பாட்டை உடைத்தது கல்லூரி. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிறுவனமும், கணபதி ஸ்தபதி போன்ற குலமரபினர் தலைமையேற்று நடத்தியபோதிலும், பிறப்புக்கு அப்பால் மாணவரைச் சேர்க்கும் நிறுவனமாகவே வளர்ந்தது. சிலந்திக் கொள்கையின் ஒரு நன்மையை மறுக்கலாகாது: படைப்பு அகத்திலிருந்து வருகிறது என்று நம்பியதால்தான், எந்தக் குலத்து அகமும் கல்லூரியில் நுழைய முடிந்தது. அதைக் கைவிட்டுக் குயவனிடம் திரும்பும் எந்தச் சீர்திருத்தமும் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்; இல்லையெனில் அது சீர்திருத்தம் என்ற பெயருக்கே தகுதியற்றது.

மதிப்பீட்டின் சிக்கலும் இங்கிருந்துதான் விளங்குகிறது. பருவ இறுதி விமர்சனக் கூட்டங்களில் மாணவர் தம் படைப்பின் அருகில் நின்று அதற்கு வாதாடுகிறார். ஆசிரியர் படைப்பைக் குறை கூறினால் அவர் தம்மையே குறை கூறியதாக வருந்துகிறார், புகழ்ந்தால் தாமே வளர்ந்ததாக எண்ணுகிறார். சிலந்தியின் நூல் அறுந்தால் சிலந்தியின் உடலே அறுந்ததாகும் அல்லவா? சித்தாந்தம் ஆணவம் என்று கூறுவது செருக்கை மட்டும் குறிப்பதன்று; உயிர் தன் எல்லையை அறியவொட்டாமல் மறைக்கும் மலம் அது, எல்லாச் செயலுக்கும் தானே முழுக்காரணம் என்று எண்ண வைப்பதும் அதன் தொழிலே. கோயில் மரபில் இதற்கொரு சடங்கு உண்டு. சிலை முடிந்ததும் கண் திறக்கும் சடங்கில் சிற்பி இறுதியாகக் கண்ணின் கோட்டைக் கீறுகிறார். அதன்பின் அது அவருடைய பொருள் அன்று, அவர் விலகிக்கொள்கிறார். கல்லூரியில் இச்சடங்கைப் போலச் செய்வது கேலிக்கூத்தாகும். ஆனால் அதன் உட்பொருளான விலகலை வகுப்பின் ஒழுங்காக மாற்ற முடியும்: விமர்சனத்தின் முதற்பகுதியில் செய்தவர் பேசாதிருக்க, ஏனையோர் படைப்பில் காணப்படுவதை மட்டும், அதாவது பொருள் எங்கே இசைந்தது, எங்கே மறுத்தது, எந்தக் கருவியின் தடம் எங்கே தெரிகிறது என்பதை மட்டும் கூற, செய்தவரின் கருத்தும் அவருக்குரிய மதிப்பும் அதன் பின்னரே பேசப்படுவது அத்தகைய ஒழுங்கு. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் என்று சித்தாந்தம் கூறும் கருத்தும் இங்கே பொருந்துகிறது. களிமண்ணோடு ஆண்டுக்கணக்கில் பழகிய கை களிமண்ணின் பொறுமையைப் பெறுகிறது. கல்லூரியின் வாரத்துக்கு இரு வகுப்பு என்னும் அட்டவணையோ எந்தப் பொருளையும் சார்ந்து நிற்க மாணவரை விடுவதில்லை. ஒரு பருவத்தில் ஆறு ஊடகங்களைத் தொட்டு நகர்வதைவிட ஓராண்டு முழுவதும் ஒன்றோடு தங்குவது நலம் என்ற முடிவுக்குத் தத்துவமும் அனுபவமும் ஒருங்கே வருகின்றன.

பொருளோடு தங்குவது என்பது இப்பகுதியில் எத்தகைய அறிவைத் தரும் என்பதை ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் தோல் வெட்டுபவரின் வேலையிலிருந்து அறியலாம். ஒவ்வொரு தோலும் ஒரு விலங்கின் வாழ்க்கைப் பதிவு: முள் கிழித்த வடு, உண்ணி கடித்த புள்ளி, உரித்தபோது கத்தி பட்ட இடம் ஆகியவை அதில் தெரியும். முதுகும் பின்பகுதியும் இறுக்கமானவை, வயிற்றுப்பகுதி தளர்ந்து நீளும். எத்திசையில் இழுத்தால் எவ்வளவு நீளும் என்பது இடத்துக்கு இடம் மாறும். வெட்டுபவர் தோலை விரித்துப் பார்த்து, விரலால் இழுத்து, காலணியின் எந்தத் துண்டு எங்கே எந்தத் திசையில் அமைய வேண்டும், எந்தக் குறையை உட்புறத்தில் மறைக்கலாம், எதை விலக்கியே ஆக வேண்டும் என்பதைச் சில நொடிகளில் முடிவுசெய்கிறார். ஓவியக்கல்லூரி முதலாண்டில் கற்பிக்க முயல்வதும் இதையேதான்: ஒரு பரப்பை உற்றுப் பார்த்து அதன் உள்விசையை அறிவது. ஆனால் வெட்டுபவரின் பார்வை தொழில்திறன் என்று கூலிக்கணக்கில் சேர்கிறது. மாணவரின் பார்வை கலையறிவு என்று பட்டமாகிறது.

வேறிடங்களில் இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஜெர்மனியில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியின் பட்டறைகளில் தொடக்க ஆண்டுகளில் வடிவம் கற்பிக்கும் கலைஞர் ஒருவரும் கைத்தொழில் வல்லுநர் ஒருவரும் இணைந்து கற்பித்தார்கள். எனினும் பள்ளியின் முடிவுகளில் கைவினை வல்லுநருக்குக் கலைஞருக்கு நிகரான குரல் இல்லை, அந்த ஏற்றத்தாழ்வே அவ்வேற்பாட்டின் ஊனமாயிற்று. தாகூரின் சாந்திநிகேதனை ஒட்டி 1922இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் தோல்வேலையும் கற்பிக்கப்படும் கைத்தொழில்களுள் ஒன்றாயிற்று. இன்று சாந்திநிகேதன் தோற்பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றவை. வட ஆற்காட்டுக்கு அயலாருடைய முன்மாதிரி மட்டுமே கதி என்பதும் இல்லை. இப்பகுதிக்கே உரிய கூத்து மரபில், புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற ஆசான்கள் வழியாக, கற்பவர் தொடக்கத்திலிருந்தே குழுவோடு மேடையில் நின்று, பாட்டையும் அடவையும் முகவண்ணத்தையும் மரத்தாலான கட்டைகளைச் சுமக்கும் உடலின் பழக்கத்தையும் பிரிக்காமல் கற்றார்.

பொருளை முதற்காரணமாக மதிப்பது என்றால் அதன் தீமையையும் ஏற்றுக்கொள்வது என்றாகும். இதைக் கைவினையைப் போற்றுவோர் விரும்பிப் பேசுவதில்லை. பதனிடும் குரோமியம் உப்பும், ஓவியர் பேழையில் இருக்கும் குரோம் மஞ்சளும், பச்சை வண்ணங்களுள் சிலவும் ஒரே தனிமத்தின் உருவங்கள். குரோம் மஞ்சளில் அதனோடு ஈயமும் கலந்திருக்கிறது. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் தோல் கழிவால் கெட்டதை முன்னிட்டு வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தீங்கு நிகழும் என்பது அறிவியலால் முற்றும் நிறுவப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் கோட்பாட்டையும், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இராணிப்பேட்டையில் மூடப்பட்டுப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் இன்னும் நிலத்தடி நீரின் கவலையாக இருக்கிறது. தூரிகையைக் கழுவி வடிகாலில் விடும் மாணவரின் செயலும் பதனிடும் ஆலையின் செயலும் அளவில் ஒப்பிட முடியாதவை, வகையில் ஒன்றே. தன் வண்ணம் எந்தச் சுரங்கத்தில் தொடங்கி எந்த நீரில் முடிகிறது என்பதை அறியாத ஓவியர், முதற்காரணத்தின் ஒரு முனையை மட்டும் பிடித்திருப்பவர். வகுப்பறையின் கழிவுத்தொட்டி பற்றிய ஒழுங்கைத் துப்புரவுப் பணியாளரிடம் விட்டுவிடாமல் பாடத்தின் பகுதியாக்குவது இதன் எளிய விளைவு.

இனி மூன்று காரணக் கொள்கையின் மேலேயே ஒரு குற்றச்சாட்டு எஞ்சுகிறது. மண்ணும் திரிகையும் அறிவற்ற சடப்பொருள்கள், குயவன் ஒருவனே அறிவுடையவன் என்று பிரிக்கும் ஏற்பாட்டைச் சமூகத்துக்கு நீட்டினால், சில மனிதரைத் திரிகையின் இடத்தில் வைக்க அது உதவும். நந்தனாரின் மக்களுக்கு நேர்ந்தது அதுவே. தோல் கொடுத்தவர் துணைக்காரணமாக, கருவியாக, எண்ணப்பட்டார். இன்றைய கலை உலகிலும் பெயர்பெற்ற சிற்பியின் வார்ப்புக்கூடத்தில் வேலை செய்பவரும், சுவரோவியத்துக்குச் சுண்ணாம்பு அரைப்பவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே அக்கொள்கையை ஓவியக்கூடத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு திருத்தத்தோடுதான் கொண்டுவர வேண்டும்: அறிவுடைய எவரும் துணைக்காரணம் ஆக முடியாது, நிமித்த காரணம் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கடவுள் விஷயத்தில் சித்தாந்தி இதை ஏற்கமாட்டார். மனிதச் செயல்களில் இதை மறுக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை, ஏனெனில் உயிர்கள் பல என்பதும் ஒவ்வொன்றும் அறியும் தன்மை உடையது என்பதும் அவருடைய கொள்கையே.

இத்திருத்தத்தை ஏற்றால் நடைமுறையில் மாற வேண்டியவை பெரிய தொகை கேட்பவை அல்ல. தோல் வெட்டுபவரோ பதனிடுபவரோ குயவரோ வகுப்புக்கு வரும்போது செய்து காட்டும் விருந்தினராக வந்து போகாமல், கலை ஆசிரியரோடு அமர்ந்து மதிப்பெண் இடும் உரிமையுடன் வர வேண்டும். அதற்குரிய ஊதியமும் பதவிப்பெயரும் அவருக்கு வேண்டும். ஆய்வுப்பட்டம் இல்லாதவர் மதிப்பெண் இடலாகாது என்னும் விதி குறுக்கே நின்றால், மாற வேண்டியது விதியே. ஜவ்வாது மலையின் கடுக்காயும், மேட்டுநிலத்து ஆவாரையும், காலணித் தொழிற்சாலைகள் கழித்த துண்டுத் தோலும் கிடைக்கும் பகுதியில், மாணவர் கடையில் வாங்கும் குழாய் வண்ணத்தோடு கல்வியைத் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. படைப்பின் கீழ் ஒட்டும் சீட்டில் தலைப்பு, ஊடகம், செய்தவர் பெயர் என்று இன்று இருக்கும் மூன்று வரிகளை விரித்து, பொருள் எங்கிருந்து வந்தது, அதைப் பதப்படுத்தியவர் யார், கற்றுக்கொடுத்த கை யாருடையது, எஞ்சிய கழிவு எங்கே சென்றது என்பனவற்றையும் உரியவர் இசைவோடு எழுத வைக்கலாம். அச்சீட்டை எழுதிய நேர்மைக்கும் நுணுக்கத்துக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை ஒதுக்குவது ஒரு துறைக்கூட்டத்தின் தீர்மானத்தில் முடியக்கூடிய வேலை.